துண்டுத் துணியில் தானக் குவில்ட்: பிளாக் மட்டும் போதுமா, முழுசாக முடித்துக் கொடுக்க வேண்டுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: தைத்து மிஞ்சிய துண்டுகள் பை பையாகச் சேர்ந்துவிட்டன. அவற்றைச் சேர்த்துக் குவில்ட் (துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி என்று மூன்றடுக்குப் போர்வை) தைத்து, தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுக்க ஆசை. முழுக் குவில்ட் தைக்கிற அளவுக்குப் பழக்கம் இல்லை. பிளாக் (துண்டுகளை இணைத்துத் தைத்த ஒரு சதுரம்; இப்படிப் பல சேர்ந்ததுதான் மேல்துணி) மட்டும் தைத்து அனுப்பினால் போதுமா? எந்தத் துணி உதவும், எது உதவாது?

பிளாக் மட்டும் அனுப்பலாம். ஆனால் யாராவது கேட்டிருந்தால் மட்டும் அனுப்புங்கள். தானக் குவில்ட் வேலையில் எங்கும் பற்றாக்குறையாக இருப்பது பிளாக் அல்ல. பிளாக் தைப்பதுதான் இந்த வேலையிலேயே சுகமான பகுதி. சாயங்காலம் உட்கார்ந்தால் ஒன்றிரண்டு முடிந்துவிடும், கண்ணுக்கும் நிறைவாக இருக்கும். அதனால் எல்லாரும் அதைச் செய்கிறார்கள். அதற்குப் பிறகு வருகிற வேலைக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. பிளாக்குகளை இணைக்க வேண்டும், நடுவில் பேட்டிங் என்கிற பஞ்சு விரிப்பைப் பரப்ப வேண்டும், அடித்துணி போட வேண்டும், மூன்றையும் ஒன்றாகப் பிணைக்க வேண்டும், சுற்றிலும் பைண்டிங் என்கிற ஓரப் பட்டை கட்ட வேண்டும். காசும் அங்கேதான் செலவாகிறது. மேல்துணி துண்டுகளில் வந்துவிடும். பேட்டிங்கும் அடித்துணியும் துண்டுப் பையில் கிடைக்காது. கேட்காமல் வந்து குவிகிற பிளாக்குகள் அலமாரியில் வருஷக்கணக்காகக் கிடப்பதற்கு இதுதான் காரணம்.

ஆகவே என் யோசனை: சின்ன அளவில் ஒரே ஒரு குவில்ட்டை முதலில் நீங்களே முடித்துப் பாருங்கள். பிறகு பிளாக்காகக் கொடுப்பதா முழுசாகக் கொடுப்பதா என்று முடிவு செய்யுங்கள். ஒன்றை முடித்தவர் தைக்கிற பிளாக்கும், முடிக்காதவர் தைக்கிற பிளாக்கும் தரத்தில் வேறாக இருக்கும். இணைக்கிறபோது எது கழுத்தை அறுக்கும் என்று முன்னவருக்குத் தெரியும்.

வெட்டத் தொடங்குமுன் பெறுகிறவர்களிடம் கேளுங்கள். கடைசியில் கேட்டால் வீணாகப் போகக்கூடும், ஏனென்றால் ஒவ்வோர் அமைப்புக்கும் விதி வேறு, சில இடங்களில் நேர் எதிர். அமெரிக்காவில் 2003-இல் கேத்தரின் ராபர்ட்ஸ் தொடங்கிய ‘குவில்ட்ஸ் ஆஃப் வேலர்’ அமைப்பு, படைவீரர்களுக்கும் முன்னாள் வீரர்களுக்கும் கொடுக்கிற குவில்ட்டில் முடிச்சுப் போட்டுப் பிணைத்ததை ஏற்பதில்லை; கையாலோ மெஷினாலோ மூன்று அடுக்கையும் சேர்த்துக் குவில்டிங் தையல் ஓட்டியிருக்க வேண்டும். ‘லூத்தரன் வேர்ல்ட் ரிலீஃப்’ என்கிற நிவாரண அமைப்புக்கு வருகிற குவில்ட்டுகளோ பெரும்பாலும் முடிச்சுப் போட்டவைதான். அவர்கள் கேட்கிற அளவு 60 அங்குல அகலம், 80 அங்குல நீளம். அங்கே அது இரவில் போர்த்திக்கொள்ள மட்டும் இல்லை, தரையில் விரிக்க, தடுப்பாகத் தொங்கவிட, மூட்டை கட்ட என்று எல்லாவற்றுக்கும் ஆகிறது. அதனால் அழகைவிடக் கெட்டித்தனம் முக்கியம். 1995-இல் கேரன் லவுக்ஸ் தொடங்கிய ‘புராஜெக்ட் லைனஸ்’, நோயிலும் அதிர்ச்சியிலும் இருக்கிற குழந்தைகளுக்குக் கொடுக்கிறது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை. புதிதாக, கையால் செய்ததாக, துவைக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. உங்கள் ஊரில் இருப்பது மருத்துவமனையோ முதியோர் இல்லமோ காப்பகமோ, எதுவானாலும் நான்கு விஷயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: என்ன அளவு, யாருக்கு, எப்படித் துவைப்பார்கள், எது கூடாது.

‘யாருக்கு’ என்பதில் கொஞ்சம் நிற்க வேண்டும். தைக்கிறவர்களில் பெரும்பாலோர் கைக்குழந்தைக் குவில்ட்டைத்தான் தைப்பார்கள். சின்னது, சீக்கிரம் முடியும், யானையும் பூவும் போட்ட துணிகள் கைவசம் இருக்கும். ஆனால் தூங்குகிற சிசுவோடு தளர்வான போர்வையோ குவில்ட்டோ வைக்கக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. முதல் ஒரு வருஷத்துக்கு இது பொருந்தும், மூச்சு அடைபடும் அபாயம் இருக்கிறது. எனவே சிசுக்களுக்கான குவில்ட்டைத் தரையில் விரித்துக் குழந்தையைக் கவிழ்த்துப் போட்டு விளையாட விடுகிற விரிப்பாக நினைத்துத் தையுங்கள், கூடவே ஒரு சீட்டில் அதை எழுதியும் வையுங்கள். குறைமாதக் குழந்தைகள் பிரிவில் இன்குபேட்டர் மேல் போடுகிற உறை கேட்பார்கள். அதற்கு அடித்துணி கறுப்போ கருநீலமோ, வெளிச்சத்தைத் தடுக்கிற மாதிரி அடர்த்தியாக இருக்க வேண்டும். அளவை அந்தப் பிரிவில்தான் கேட்க வேண்டும், ஊகித்துத் தைக்காதீர்கள்.

எப்போதும் தட்டுப்பாடாக இருப்பது பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கானது, அதிலும் பையன்களுக்கானது. பெரிய அளவு, சிறுபிள்ளைத்தனம் இல்லாத நிறங்கள், கட்டம், கோடு, ஜீன்ஸ் நீலம், சாம்பல். கையில் இருக்கிற சட்டைத் துணி மிச்சங்கள் இதற்குத் தோதானவை. சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு மடிக் குவில்ட் என்றால் 36 அங்குல அகலம் போதும். அதைவிட அகலமானால் ஓரம் சக்கரத்தில் மாட்டும். மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு, விரல்கள் எதையாவது நெருடிக்கொண்டே இருக்க ஜிப், நாடா, பட்டை, பை எல்லாம் வைத்துத் தைக்கிற சிறு மடிவிரிப்பு ஒன்று உண்டு. துண்டுத் துணி வைத்திருப்பவர்களுக்கு நல்ல வேலை. ஆனால் பொத்தான் வைத்தால் பிய்த்து எடுக்க முடியாதபடி தையுங்கள், வாயில் போட்டுக்கொள்வார்கள்.

இனி துணி. இதில் நான் கறாரான ஆள். பருத்தியோடு பருத்திதான். பாலியஸ்டர் கலந்த துணி சுருங்காது, பருத்தி சுருங்கும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் தைத்துத் துவைத்தால் பிளாக் முறுக்கிக்கொள்ளும். எது எதுவென்று தெரியாத துண்டு இருந்தால், ஒரு நூலை உருவி இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெத்தென்ற சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஓரத்தில் கெட்டியான மணி போல நிற்கும். பாலி-காட்டன் துண்டுகள் நிறைய இருக்கிறதா, தூக்கிப் போட வேண்டாம். அவற்றை மட்டும் சேர்த்து ஒரு தனிக் குவில்ட் தைக்கலாம். அயர்ன் சூட்டை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

பனியன் துணி இழுபடும். பின்பக்கம் ஒட்டுகிற இன்டர்ஃபேசிங் வைத்து அயர்ன் செய்தால் அடங்கும், ஆனால் அந்தச் செலவுக்கும் உழைப்புக்கும் தானக் குவில்ட்டில் நியாயம் குறைவு. பட்டு, சாட்டின், ஜார்ஜெட், ஜரிகை வேண்டவே வேண்டாம். மருத்துவமனைச் சலவையில் ஒரு தடவைகூடத் தாங்காது. ஜீன்ஸ் நன்றாக உழைக்கும். ஆனால் நாலு தையல் சந்திக்கிற இடத்தில் கனம் ஏறி ஊசி உடையும், அதனால் பெரிய சதுரமாகவே வையுங்கள், ஊசியை 100 எண் தடித்த ஊசிக்கு மாற்றுங்கள்.

பழைய உடுப்புகளைப் பயன்படுத்தலாமா என்றால், பயன்படுத்தலாம், தேர்ந்தெடுத்து. சட்டையில் முதுகுப்பக்கம் நன்றாக இருக்கும்; காலர், முழங்கை, அக்குள் பகுதி இற்றுப்போயிருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நெசவு தளர்ந்து வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் ஒதுக்குங்கள். இரண்டு கட்டைவிரலாலும் வெடுக்கென்று இழுங்கள். கிழியட்டும், உங்கள் கையிலேயே கிழியட்டும். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து கீஸ் பெண்ட் பெண்கள் வயலில் உடுத்தித் தேய்ந்த உடுப்புகளிலிருந்து தைத்த குவில்ட்டுகள் 2002-இல் அருங்காட்சியகச் சுவரேறின, உண்மைதான். ஆனால் அவை தங்கள் வீட்டில் குளிரை விரட்டத் தைத்தவை. கிழிந்தால் அவர்களே ஒட்டுப் போட்டுக்கொள்வார்கள். நீங்கள் கொடுக்கப்போகிற இடத்தில் ஒட்டுப் போட யாரும் இல்லை. கிழிந்த அன்றே அது குப்பைக்குப் போகும்.

சாயம் இன்னொரு தொல்லை. அடர்சிவப்பும் கருநீலமும்தான் முக்கியக் குற்றவாளிகள். வெள்ளைத் துணியை நனைத்து அந்தத் துண்டின் மேல் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால், ஒட்டாத வரைக்கும் துவைத்த பிறகே வெட்ட வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். ஒரு சிவப்புத் துண்டு நாற்பது வெள்ளைத் துண்டுகளைக் கெடுக்கும்.

துண்டுகளை அப்படியே பையில் போட்டு வைத்தால் அது குவில்ட் ஆகாது. தேடுவதிலேயே பொழுது போகும், அயர்ன் செய்யவே அலுப்பாக இருக்கும். வந்தவுடனே அயர்ன் செய்து, நாலைந்து நிலையான அளவுகளில் வெட்டி, அளவுவாரியாக டப்பாவில் போடுங்கள். நான் சொல்கிற அளவுகள்: 6½, 4½, 2½ அங்குலச் சதுரங்கள், பிறகு 2½ அங்குலக் கீற்றுகள். அதிலும் அடங்காத கோணல்மாணல் கீற்றுகளுக்குத் தனியாக ஒரு பை. ஏன் இந்த அளவுகள்? எல்லாமே 12 அங்குலப் பிளாக்கில் போய் முடியும். 6½ சதுரம் நான்கு, 4½ சதுரம் ஒன்பது, 2½ சதுரம் முப்பத்தாறு. மூன்றும் தையலுக்குப் போக 12½ அங்குலப் பிளாக் ஆகும், பக்கத்துப் பிளாக்கோடு இணைந்த பிறகு 12 அங்குலம். ஒரு துண்டிலிருந்து கிடைக்கக்கூடிய மிகப் பெரிய அளவை முதலில் வெட்டுங்கள், மிச்சத்தில் அடுத்த அளவு. வெட்டும்போது துணியின் பாவும் ஊடும் சதுரத்தின் ஓரத்துக்கு இணையாக ஓட வேண்டும். கிராஸாக வெட்டிய சதுரம் தைக்கும்போதே இழுபட்டு மூஞ்சியைக் கோணும்.

பிளாக் தைப்பதில் எல்லாம் கால் அங்குலத் தையலில்தான் இருக்கிறது. உடுப்புத் தைத்துப் பழகியவர்களுக்கு இது சிரமம். அரை அங்குலம், முக்கால் அங்குலம் விட்டுத் தைத்த கை. ஒன்பது சதுரப் பிளாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசையில் இரண்டு தையல். ஒவ்வொரு தையலும் ஒரு வீசம் அங்குலம் கூடுதலாக உள்ளே போனால், இரண்டு பக்கத் துணியிலும் அது குறையும், ஆக ஒரு தையலுக்கு அரைக்கால் அங்குலம். இரண்டு தையலுக்குக் கால் அங்குலம். 12½ இருக்க வேண்டிய பிளாக் 12¼-க்கு வந்துவிடும். முப்பத்தாறு சதுரப் பிளாக்கில் ஐந்து தையல். அரையே அரைக்கால் அங்குலம் காணாமல் போகும். இப்படிப் பத்துப் பேர் பத்து விதமாகத் தைத்து அனுப்பினால், இணைக்கிறவர் எல்லாவற்றையும் மிகச் சிறிய பிளாக்கின் அளவுக்கு நறுக்க வேண்டும், அல்லது ஒவ்வொன்றுக்கும் சட்டம் போல ஓரக் கீற்று வைத்துத் தைத்துப் பிறகு சமமாக வெட்ட வேண்டும். தைத்த கைக்குத் தெரியாமலே அடுத்தவருக்கு ஒரு நாள் வேலை கூடிப்போகும்.

உங்கள் மெஷின் கால் அங்குலம் சரியாகப் போகிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. 1½ அங்குல அகலத்தில் மூன்று சின்னக் கீற்றுகள் வெட்டி, பக்கம் பக்கமாகத் தைத்து, அயர்ன் செய்து அளந்து பாருங்கள். நடுக்கீற்று சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் தையல் உள்ளே போகிறது. ஊசியிலிருந்து கால் அங்குலத்துக்கு ஒரு தையல் நூலின் தடிமன் அளவு மட்டும் குறைவாக அளந்து, மெஷின் தகட்டில் தடிமனான டேப் ஒட்டி, துணியின் ஓரத்தை அதில் உரசிக்கொண்டே தைத்தால் சரியாகும். அந்த ஒரு நூல், அயர்ன் செய்து மடிக்கும்போது மடிப்பில் போகிற துணிக்கு ஈடு.

அயர்ன் என்றால் தேய்ப்பது இல்லை. வைத்து அழுத்தி எடுப்பது. இழுத்துத் தேய்த்தால் பிளாக் வாழைப்பழம் போல வளையும். தையல் விளிம்பை அடர்நிறத் துணிப் பக்கமாகச் சாய்த்து அழுத்துங்கள், வெள்ளைக்கு அடியில் கறுப்பு நிழல் தெரியாது. முதல் வரிசையில் விளிம்புகள் வலப்பக்கம், அடுத்த வரிசையில் இடப்பக்கம் என்று மாற்றி மாற்றிச் சாய்த்தால், வரிசைகளை இணைக்கும்போது சந்திகள் தாமாகவே ஒன்றில் ஒன்று பூட்டிக்கொள்ளும். குண்டூசி குறையும்.

துண்டுகளுக்கு ஏற்ற வடிவம் எது? ஒன்பது சதுரம் தொடங்க நல்லது. ஆனால் எனக்குப் பிடித்தது ஸ்ட்ரிங் பிளாக்தான், தானத்துக்கு அதைவிடத் தோதானது வேறு இல்லை. மெல்லிய தாளையோ பழைய மெல்லிய பருத்தித் துணியையோ 13 அங்குலச் சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். மூலைக்கு மூலை ஒரு கீற்றை நிமிர்த்தி வையுங்கள். அதன்மேல் இன்னொரு கீற்றைக் கவிழ்த்து வைத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைத்து, புரட்டி அயர்ன் செய்யுங்கள். இப்படியே இருபுறமும் மூலை வரைக்கும். கடைசியில் திருப்பிப் போட்டு 12½ அங்குலத்துக்குக் கச்சிதமாக நறுக்குங்கள். கீற்றுகள் ஒரே அகலமாக இருக்க வேண்டியதில்லை, ஒரு பக்கம் குறுகி ஒரு பக்கம் அகலமாக இருந்தாலும் பரவாயில்லை. கால் அங்குலம் தவறினாலும் பிளாக் அளவு தவறாது, ஏனென்றால் கடைசியில்தானே வெட்டுகிறோம். பத்துப் பேர் சேர்ந்து தைக்கும்போது எல்லாப் பிளாக்கும் ஒரே அளவில் வருவது இந்த முறையில்தான். தாள் வைத்தால் தையலைச் சின்னதாக, 1.5 மில்லிமீட்டர் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், கிழித்தெடுக்கும்போது தையல் பிரியாது. பழந்துணி வைத்தால் கிழிக்க வேண்டியதே இல்லை. குவில்ட் கொஞ்சம் கனம் கூடும், அவ்வளவுதான்.

நிறப் பொருத்தம் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். ஐம்பது விதத் துணி இருக்கும்போது பொருந்தாத நிறம் என்று ஒன்று கிடையாது. ஐந்து விதம் இருக்கும்போதுதான் ஒன்று துருத்தும். பார்க்க வேண்டியது வெளிர் எது, அடர் எது என்பதைத்தான். துண்டுகளைப் பரப்பி, போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுங்கள்; இரண்டும் தெளிவாகப் பிரிந்து தெரிந்தால் வடிவம் எடுபடும். எல்லாப் பிளாக்கிலும் ஒரே ஒரு துணி திரும்பத் திரும்ப வருமாறு செய்தால், உதாரணமாக ஸ்ட்ரிங் பிளாக்கின் நடுக்கீற்று எல்லாவற்றிலும் ஒரே நீலமாக இருந்தால், எவ்வளவு கலவையான துண்டுகளும் ஒரு ஒழுங்குக்கு வந்துவிடும்.

பிளாக்காகவே அனுப்புவது என்று முடிவு செய்தால்: கேட்ட அளவில், இணைக்கும் முன் அளவு எது, இணைத்து முடிந்த அளவு எது என்று தெளிவாகக் கேட்டுக்கொண்டு தையுங்கள். ‘12 அங்குலம்’ என்று ஒருவர் சொன்னால் அது தையல் விளிம்போடா, விளிம்பு போகவா என்பது பாதிப் பேருக்குத் தெளிவாக இருக்காது. இருபதாக அனுப்புங்கள், ஒன்றும் இரண்டுமாக அனுப்பாதீர்கள். இருபது பிளாக் நான்குக்கு ஐந்தாக வைத்தால் 48-க்கு 60 அங்குலத்தில் ஒரு குவில்ட். இன்னும் நல்லது, இணைத்த மேல்துணியாகவே அனுப்புவது. அதனோடு பைண்டிங் கீற்றையும் சேர்த்து வைத்தால் அந்தக் கையை யாரும் மறக்க மாட்டார்கள்.

பலர் ஆளுக்கொரு பிளாக் தைப்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1942-இல் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்தபின் சாங்கி சிறையில் அடைபட்ட பெண்கள், கனடாக்காரரான எதெல் மல்வேனியின் முயற்சியில், ஆளுக்கொரு சதுரத்தில் பெயரும் படமும் தைத்தார்கள். 66 சதுரம் வீதம் மூன்று குவில்ட்டுகள். காயம்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, ஜப்பானிய வீரர்களுக்கு என்று ஒவ்வொன்று. கணவன்மார் வேறு முகாமில் அடைபட்டிருந்தார்கள். பெயர் தைத்த சதுரம் அங்கே போய்ச் சேர்ந்தால் மனைவி உயிரோடு இருக்கிறாள் என்று தெரியும். அங்கே பிளாக்கே சேதியாக இருந்தது. அந்த மாதிரித் தேவை இருக்கும்போது பத்துப் பேர் பத்து விதமாகத் தைப்பதுதான் அழகு, அளவு பிசகினாலும் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தங்கள் ஆசிரியருக்காக, உடன் வேலை பார்ப்பவர்கள் நோயில் விழுந்த ஒருவருக்காக என்று தைக்கும் கையெழுத்துக் குவில்ட்டுகளும் இந்த வகை. முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் செஞ்சிலுவைக்காக, குவில்ட்டில் பெயர் எழுதக் காசு வாங்கி நிதி திரட்டினார்கள். 1917 டிசம்பரில் ‘மாடர்ன் பிரிசில்லா’ பத்திரிகை, இப்படி ஆயிரம் டாலர் சேர்ப்பது எப்படி என்று வழிமுறையே போட்டது. குவில்ட் கொடுப்பதோடு நிதியும் வேண்டும் என்றால் இந்த வழி இன்றைக்கும் செல்லும். துணியில் எழுத, துவைத்தால் போகாத பிக்மென்ட் மை பேனா வேண்டும், எழுதிய பிறகு அயர்ன் சூடு காட்டி மையை நிலைக்கச் செய்ய வேண்டும்.

முழுசாக முடிக்கப் போகிறீர்கள் என்றால், 48-க்கு 60 அளவில் கணக்கு இப்படி வரும். அடித்துணி எல்லாப் பக்கமும் மூன்று அங்குலம் கூடுதலாக, 54-க்கு 66 வேண்டும். கடைத் துணியின் அகலம் 42 அங்குலம் என்றால் இரண்டு துண்டு இணைக்கத்தான் வேண்டும். இணைப்பு நீளவாக்கில் வருமாறு வாங்கினால் 66 அங்குலத்தில் இரண்டு, ஏறக்குறைய 3.35 மீட்டர். குறுக்குவாக்கில் வருமாறு வைத்தால் 54 அங்குலத்தில் இரண்டு, 2.75 மீட்டர். அரை மீட்டருக்கு மேல் மிச்சம், குவில்ட்டுக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல நிலையில் இருக்கிற பருத்திப் படுக்கை விரிப்பும் அடித்துணியாகும், ஆனால் நெருக்கமான நெசவாக இருந்தால் கையால் ஊசி இறங்காது, மெஷினுக்குத்தான் சரி.

பேட்டிங் மிச்சங்களையும் எறிய வேண்டாம். ஓரங்களை நேராக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் முட்ட வைத்து, அகலமான ஜிக்ஜாக் தையல் போட்டால் ஒரே விரிப்பாகிவிடும். பேட்டிங்கே வாங்க வழியில்லை என்றால் நடுவில் ஃப்ளானல் துணி வைக்கலாம். அல்லது அடித்துணியாக ஃப்ளீஸ் போட்டு நடுவில் ஒன்றும் வைக்காமல் விடலாம். சீக்கிரம் காயும், கனமும் இருக்காது.

மூன்றையும் பிணைக்கும் முன் தரையில் விரித்து, சுருக்கமில்லாமல் இழுத்து டேப் ஒட்டி, ஒரு உள்ளங்கை இடைவெளிக்கு ஒன்றாகச் சேஃப்டி பின் குத்துங்கள். மெஷினில் என்றால் வாக்கிங் ஃபுட் (மேல் துணியையும் அடித்துணியையும் ஒரே சீராக நகர்த்துகிற மெஷின் கால்) மாட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடுகளாக ஓட்டுங்கள். பூவேலைக் குவில்டிங் எல்லாம் தேவையில்லை. எவ்வளவு இடைவெளி என்பதைப் பேட்டிங் உறையிலேயே போட்டிருப்பார்கள்; அதற்கு மேல் விட்டால் துவைக்கத் துவைக்கப் பஞ்சு திரண்டு கட்டியாகும். முடிச்சு முறை என்றால் கெட்டியான பருத்தி நூலை நாலங்குலத்துக்கு ஒன்றாக அடிவரைக்கும் குத்தி எடுத்து, இரட்டை முடிச்சுப் போட்டு, நுனியை முக்கால் அங்குலம் விட்டு வெட்டுங்கள். சின்னக் குழந்தைகளுக்கான குவில்ட்டில் மட்டும் முடிச்சு வேண்டாம், நுனியைப் பிடித்து இழுப்பார்கள்.

பைண்டிங்குக்கு 2½ அங்குலக் கீற்றை இரண்டாக மடித்துத் தைப்பதுதான் உழைக்கும், ஏனென்றால் ஓரத்தில்தான் முதலில் தேயும், அங்கே துணி இரண்டு மடிப்பாக இருக்கிறது. சுற்றளவு 216 அங்குலம், மூலைக்கும் இணைப்புக்கும் பத்து சேர்த்தால் 226; கடைத் துணியில் குறுக்காக வெட்டினால் ஆறு கீற்று. கைத்தையலால் மறைத்துத் தைப்பது அழகுதான், ஆனால் சலவை இயந்திரத்தில் வாரா வாரம் சுழலப்போகிற குவில்ட்டுக்கு இரண்டு பக்கமும் மெஷின் தையல் போடுங்கள். பைண்டிங் பயமாக இருந்தால் தலையணை உறை மாதிரி செய்யலாம்: மேல்துணியையும் அடித்துணியையும் நல்ல பக்கம் உள்ளே இருக்க வைத்து, மேல்துணியின் பின்பக்கம் பேட்டிங் வைத்து, ஒரு அடி இடைவெளி விட்டுச் சுற்றித் தைத்து, அதன் வழியாகப் புரட்டி, ஓரத்தில் ஒரு தையல் ஓட்டிவிட்டு முடிச்சுப் போட வேண்டியதுதான். முதல் குவில்ட்டுக்கு இதையே சிபாரிசு செய்வேன்.

முடிந்ததும் ஒரு தடவை நீங்களே துவையுங்கள். வாசனை சேர்க்காத சோப்பில், பெறுகிறவர்கள் துவைக்கப்போகிற சூட்டில். பிரிகிற தையல் உங்கள் வீட்டிலேயே பிரியட்டும். புகை வாடை, நாய் பூனை முடி, பூச்சி உருண்டை வாசனை எதுவும் கூடாது. எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளிக்கு அது சும்மா விஷயம் இல்லை. உள்ளே குண்டூசியோ சேஃப்டி பின்னோ மாட்டியிருக்கிறதா என்று காந்தத்தால் ஒரு தடவை தடவிப் பாருங்கள், கையாலும் ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள்.

படங்கள் விஷயத்தில் கொஞ்சம் யோசனை வேண்டும். போரிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு ராணுவப் பச்சைப் புள்ளித் துணி வேண்டாம், கொடிகள் வேண்டாம், மதச் சின்னங்களும் வேண்டாம். ‘சீக்கிரம் குணமாகுங்கள்’ என்று தைப்பதும் எல்லாருக்கும் பொருந்தாது. குணமாகப் போகாதவர்களும் அதே வார்டில் இருப்பார்கள். லேபிள் தைத்தால் துவைக்கும் முறையும் எந்தத் துணி என்பதும் போதும். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் வீடிழந்த பிரிட்டிஷ் குடும்பங்களுக்குக் கனடாப் பெண்கள் அனுப்பிய குவில்ட்டுகளில் கனடா செஞ்சிலுவைச் சங்கத்தின் அன்பளிப்பு என்று மட்டும் ஒரு சின்ன லேபிள் இருந்தது, தைத்தவர் பெயர் பெரும்பாலும் இல்லை. உங்கள் முகவரி போடுவதா என்று கேட்டால், போடாதீர்கள். வாங்கிக்கொண்டவருக்கு நன்றிக் கடிதம் எழுதுகிற பாரம் வேண்டாம்.

கொடுத்த பிறகு அது என்ன ஆனது என்று தேடாதீர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சானிட்டரி கமிஷன் என்கிற நிவாரண அமைப்புக்கு வீடுகளிலிருந்து குவில்ட்டுகள் ஏராளமாகப் போயின. இன்றைக்கு மிஞ்சியிருப்பவை மிகச் சில. மற்றதெல்லாம் போர்த்தியே தேய்ந்தன, சில வீரர்களோடு புதைந்தன.

எல்லாம் வெட்டி முடித்த பிறகும் ஒரு அங்குலத்துக்குக் கீழே பொடித் துண்டுகளும் பேட்டிங் சிம்புகளும் மிஞ்சும். அவற்றைப் பழைய திரைத்துணி உறை ஒன்றில் திணித்து, வாயை இரட்டைத் தையலாக மூடினால், விலங்குக் காப்பகத்துக்கு நாய் மெத்தை. நீளமான நூல்களை மட்டும் அதில் போடாதீர்கள், நாய் கடித்துப் பிரித்தால் குடலில் சுற்றிக்கொள்ளும். உறை பாதி நிறையும்போது கட்டி அமுங்குகிறதா என்று பாருங்கள். துணித் துண்டு மட்டும் திணித்த மெத்தை தூக்க முடியாத கனம் கனக்கும், அதனால் 24 அங்குலத்துக்கு மேல் பெரிதாக வேண்டாம். இதையும் அனுப்புமுன் காப்பகத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.